ஏழு வயது ரோஸியை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. 84 வயதான மாமியார் எங்களுடன் இருக்கிறார். கைத்தடி ஊன்றி நடப்பார். எங்களுடையது மாடி வீடு, பதினெட்டுப் படிகள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தம்பியின் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். அவர் வளர்த்த பொமரேனியன் நாய் ரோஸி இப்போது அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிறது. பெண் நாய், ஏழு வயது, ஒன்பது கிலோ எடை, கருத்தடை செய்யவில்லை. பெரியவரின் மகன் பெங்களூரில் இருக்கிறார். அடுத்த மாதம் வீட்டை வாடகைக்கு விடப்போகிறார். இருவேளையும் சோறு வைப்பது என் தம்பி மனைவிதான். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை என் காலடியிலேயே படுத்துக்கொண்டது. ஐந்து மணி ஆனதும் எழுந்து போய் கேட் ஓரம் உட்கார்ந்துவிட்டது. பெரியவர் அந்த நேரத்தில்தான் அதை நடக்க அழைத்துப் போவாராம். என் கணவரோ, "வளர்ப்பதானால் குட்டியாக வாங்குவோம், வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டாது" என்கிறார். 2019-இல் எங்கள் நாய் இறந்தபோது இரண்டு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு வயது நாயை எடுத்துவிட்டு மறுபடியும் அந்தத் துக்கத்தைச் சீக்கிரமே சந்திக்க நேருமோ என்று பயமாக இருக்கிறது. எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

எடுக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் உங்கள் கணவரின் கருத்து இருக்கிறது, உங்கள் தம்பி மனைவி படும் பாடு இருக்கிறது, பெங்களூரில் இருக்கும் மகனின் அவசரம் இருக்கிறது. ஐந்து மணிக்கு கேட் ஓரம் போய் உட்காரும் ரோஸியின் ஏக்கமும் இருக்கிறது. உங்கள் மாமியார் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. நாயின் வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இந்த முடிவு நாயின் ஏழு வயதைவிட உங்கள் மாமியாரின் எண்பத்து நான்கு வயதைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வயது பக் நாய் ஒன்றை ஒரு குடும்பத்துக்கு நானே எடுத்துச் சொல்லி ஏற்க வைத்தேன். இதயம், பல், இரத்தம் எல்லாம் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அங்கே தவழும் குழந்தை இருந்தது. சாப்பாட்டுத் தட்டருகே யார் வந்தாலும் உறுமும் பழக்கம் அந்த நாய்க்கு இருந்தது. இருபதாவது நாள் கூடையோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் தவறில்லை. கூடையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

சிறிய நாயால் முதியவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து கடிபடுவது அல்ல, தடுக்கி விழுவதுதான். பெரிய நாய் வந்தால் கண்ணில் படும். ரோஸி போன்றவை சத்தமில்லாமல் வந்து குதிகாலுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். உங்கள் காலடியில் வந்து படுத்தது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதைப் படித்து மகிழ்ச்சிதான். அதே பழக்கத்தோடு அது இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போகும் உங்கள் மாமியாரின் வழியில் படுத்திருந்தால் என்ன ஆகும்? 84 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும்.

ஆகவே முதலில் அவரிடம் பேசுங்கள். "நாய் வளர்க்கலாமா அம்மா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிடுவார்கள். பழைய நாய் இருந்தபோது அவருக்கு எது தொல்லையாக இருந்தது, எது பிடித்திருந்தது என்று கேளுங்கள். உண்மையான பதில் அப்போதுதான் வரும். அவருக்கு நாயே ஆகாது என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன "எடுக்கலாம்" என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவருடைய வீட்டில் அவர் பயந்து பயந்து நடக்கக் கூடாது.

அவர் சம்மதித்தால் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ரோஸியின் கழுத்தில் சிறிய சலங்கை ஒன்று கட்டுங்கள். அது எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியும். அதன் படுக்கை இரவில் உங்கள் அறையில் இருக்கட்டும், கதவைச் சாத்திவிடுங்கள். மாமியாரின் அறையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு எரியட்டும். நகத்தை மாதம் ஒருமுறையாவது வெட்டிவிடுங்கள். முதியவர்களின் தோல் மெல்லியது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். இன்னொன்றைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை: மாத்திரை. நடுங்கும் கையிலிருந்து கீழே உருளும் மாத்திரையை உங்களுக்கு முன்னால் நாய் எடுத்துவிடும். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் ஒரு சிறிய நாயின் இரத்தச் சர்க்கரையை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும். பாராசிட்டமால், இரத்த அழுத்த மாத்திரை எதுவும் அதற்கு ஆகாது. மாத்திரை சாப்பிடுவது சாப்பாட்டு மேசையில், ஒரு தட்டுக்கு மேல் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே பழக்கமாக்குங்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். வளர்ந்த நாய் ஒட்டாது என்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. என் அனுபவத்தில் அது சரியல்ல. இரண்டு மாதங்களாக ஆள் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, இரண்டாவது சந்திப்பிலேயே உங்கள் காலடிக்கு வந்த நாயைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அது பெரியவரை மறந்துவிட்டு உங்களிடம் வராது. அவரை நினைத்துக்கொண்டேதான் உங்களிடமும் வரும். இரண்டும் ஒரு நாயால் முடியும்.

குட்டி எப்படி வளரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குரைக்குமா, கடிக்குமா, தனியாக இருக்குமா, எத்தனை கிலோ வரும், எல்லாம் ஊகம்தான். ரோஸியிடம் இவை எல்லாவற்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளலாம், உங்கள் தம்பி மனைவியிடமும் கேட்டுக்கொள்ளலாம். குட்டி என்றால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினெட்டுப் படி இறங்கி ஏற வேண்டும்; பல் முளைக்கும் பருவத்தில் அது உங்கள் மாமியாரின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். சிறிய இன நாய்கள் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழ்கின்றன. இன்று குட்டி வாங்கினால் அதன் முதுமையில் உங்களுக்கு எழுபத்தைந்தை ஒட்டிய வயது, உங்கள் கணவருக்கு அதற்கும் மேல் இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு அப்போது படி இறங்கப்போவது யார்? இன்று முத்தியால்பேட்டையில் நடந்திருப்பது நாளை உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது அல்லவா? உங்கள் வயதுக்கும் வீட்டுக்கும் ஏழு வயது நாய் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் பொமரேனியன் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அசல் பொமரேனியன் பெரும்பாலும் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. நம் வீடுகளில் காலங்காலமாக வளரும் வெள்ளை நாய் இந்தியன் ஸ்பிட்ஸ். பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கேயே பெருகியது. நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகியது. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அசல் பொமரேனியன் என்றால் கடலூர் கத்திரி வெயிலை நினைத்து நான் தயங்கியிருப்பேன். ஸ்பிட்ஸ் சமாளிக்கும். ஆனால் ஒன்பது கிலோ அதிகம். என்னிடம் வரும் நல்ல உடல்வாகுள்ள சிறிய ஸ்பிட்ஸ்கள் ஆறேழு கிலோதான் இருக்கும். உங்கள் உள்ளங்கைகளை ரோஸியின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். முடி அடர்த்தியில் கண் ஏமாந்துவிடும், விரல் ஏமாறாது.

மகனோடு பேச்சை முடிப்பதற்கு முன் ரோஸியை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் போய்விடலாம்; இரத்தப் பரிசோதனைக்கும் மற்றவற்றுக்கும் அலைய வேண்டியிருக்காது. தடுப்பூசி அட்டையைப் பெரியவரின் அலமாரியில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பது அதில்தான் இருக்கும். அட்டை கிடைக்காவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகப் போட்டுவிட வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். மேல் உதட்டை ஒரு பக்கமாக மெதுவாக உயர்த்தி, கடைவாய்ப் பற்களைப் பாருங்கள்; முன்பற்கள் வெள்ளையாக இருப்பதை நம்பாதீர்கள். ஏழு வயது சிறிய நாயின் கடைவாய்ப் பல்லில் பழுப்பு நிறத்தில் காரை பிடித்தது போலப் படிந்திருக்கும். ஈறு ஓரம் சிவந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால், வாய் நாறினால், மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அது எடுக்காமல் விடுவதற்கான காரணம் அல்ல, எதிர்பார்க்க வேண்டிய செலவு. கண்ணின் நடுவில் லேசான நீலப் புகை தெரிந்தால் பயப்படாதீர்கள், வயதுக்கே உரியது, பார்வை பெரிதும் குறையாது. சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தால் அது கண்புரை. நடக்கவிட்டுப் பின்னங்கால்களைக் கவனியுங்கள். நான்கு எட்டு நடந்து, ஒரு காலைத் தூக்கி ஒரு தாவு தாவி, மறுபடி ஒழுங்காக நடந்தால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று பொருள். சிறிய இனங்களில் இது அடிக்கடி வருவது. உங்கள் வீட்டில் பதினெட்டுப் படி இருப்பதால் இதை மருத்துவரிடம் அவசியம் சொல்லிக் கேளுங்கள். சில்லு விலகும் நாய் என்றால் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஒன்பது கிலோவை உங்களால் தூக்க முடியுமா என்று இப்போதே தூக்கிப் பாருங்கள்.

உற்சாகத்தில் குதிக்கும்போதோ கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கும்போதோ வாத்து கத்துவது போல இருமுகிறதா என்று தம்பி மனைவியிடம் கேளுங்கள். மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாவதன் அடையாளம் அது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனிமேல் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்ட வேண்டாம். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்றை வாங்குங்கள். கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் தருவார்கள். கழுத்துப் பட்டை சலங்கைக்கு மட்டும் இருக்கட்டும்.

கருத்தடை செய்யவில்லை என்பதுதான் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி. நடுவயதைத் தாண்டிய பெண் நாய்களுக்கு, பருவம் வந்து முடிந்த ஓரிரு மாதங்களில் கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்வது உண்டு. வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கும், சுருண்டு படுக்கும், சோற்றைத் தொடாது. சில நேரம் பின்பக்கம் சீழ் வடியும். சில நேரம் எதுவுமே வெளியே தெரியாது, அதுதான் இன்னும் மோசம். "தாத்தா போன ஏக்கத்தில் சாப்பிடவில்லை" என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்து, கடைசி நேரத்தில் என்னிடம் கொண்டுவந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். ரோஸிக்குக் கடைசியாக எப்போது பருவம் வந்தது என்று விசாரியுங்கள். வயிற்றின் அடியில் இரண்டு வரிசையாக இருக்கும் காம்புகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். பயறு அளவு கட்டி தட்டுப்பட்டாலும் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் ஏழு வயதிலும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யலாம். உங்களிடம் வந்து பழகிய பிறகு, தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

இதயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அதோடு தொடர்புடையது. வயதான சிறிய நாய்களுக்கு இதய வால்வு கசிவது சாதாரணமாகக் காணும் நோய். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு கேட்டாலே நாள் எண்ண வேண்டியதில்லை; பல நாய்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன, மருந்தும் இருக்கிறது. வீட்டிலேயே கவனிக்க ஒரு வழி உண்டு. நன்றாகத் தூங்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் எண்ணியும் முப்பதைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

இன்னும் எத்தனை ஆண்டு என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரியாவிட்டால், ஐந்து முதல் எட்டு ஆண்டு என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்த முடிவில் துக்கம் இருக்கும். அதைக் குறைத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2019-இல் நீங்கள் பட்டதை ரோஸி இந்த இரண்டு மாதங்களாகப் பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

உண்ணியைப் பார்க்க மறக்காதீர்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்து மடிப்பில் ஒன்றிரண்டு இருந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நம் கடலோரத்தில் இது சாதாரணம்; சில நாய்கள் வெளியில் நன்றாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் இரத்தத் தட்டணுக்களை இழந்துகொண்டிருக்கும். கண்டுபிடித்தால் நான்கு வார மாத்திரையில் பெரும்பாலும் தேறிவிடும்.

மாடி வீட்டைக் குறையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். கடலூர்க்காரர் நீங்கள்; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்ததும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் புகும்போது கட்டிவைத்த நாய்கள் படும் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில், மழைக்காலத்தில் மாடி வீடு உங்களுக்குக் கிடைத்த வரம் என்பேன். வெள்ளம் வடிந்த தெருவில் மட்டும் நடக்க விடாதீர்கள்; எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. வெயில் காலத்தில் நடை காலை ஆறு மணிக்கு முன், மாலை விளக்கு வைத்த பிறகு. நாய் நாக்கை நீட்டி இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். நம் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. அதற்காக முடியை ஒட்ட வழித்துவிடாதீர்கள், இரண்டு அடுக்காக இருக்கும் அந்த முடிதான் அதற்கு வெயில் மறைப்பு.

சாப்பாட்டில் பெரியவர் கொடுத்ததையே முதல் இரண்டு வாரம் கொடுங்கள், பிறகு மெல்ல மாற்றலாம். வெங்காயம் போட்ட சாம்பார், சாக்லேட் இரண்டும் வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு ஒரு நாள் மதியம், தம்பியைவிட்டு ரோஸியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சில மணி நேரம் போதும். கைத்தடி தட்டும் ஓசைக்கு அது என்ன செய்கிறது, மாமியார் எழுந்தால் விலகுகிறதா, சோற்றுத் தட்டருகே நீங்கள் போனால் உறுமுகிறதா என்று பாருங்கள். உறுமினால் தட்டை எடுக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள்; எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒருவேளை பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெங்களூர் மகனிடமும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஏதோ காரணத்தால் உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அது யாரிடம் போகும் என்பது இப்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

எல்லாம் கூடிவந்து அழைத்து வந்தால், முதல் சில நாள் அது கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும். சரியாகச் சாப்பிடாது. பழகிய நாயாக இருந்தாலும் கூடத்தில் சிறுநீர் கழித்துவிடும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், கொஞ்சிக் கொஞ்சி வெளியே இழுக்கவும் வேண்டாம். பெயரை மாற்ற வேண்டாம். ஐந்து மணிக்கு அது கதவருகே போய் உட்காரும். கயிற்றை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். வெயில் தணியவில்லை என்றால் மொட்டைமாடி நிழலில் பத்து நிமிடம் போதும். நேரம் மட்டும் தவறக் கூடாது.

பெரியவர் தோளில் போட்டிருந்த துண்டு ஏதேனும் அந்த வீட்டில் இருக்கும். அடுத்த முறை முத்தியால்பேட்டைக்குப் போகும்போது மகனிடம் கேட்டு வாங்கி வாருங்கள். ரோஸியின் படுக்கையில் விரித்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.